பழைய மேசையை ஏலத்துக்கு அனுப்புமுன்

வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே, தேநீர்க் கோப்பையும் நாளிதழும் வைப்பதற்காகப் போடப்படும் தாழ்வான மேசையை நம் ஊர்களில் டீப்பாய் என்கிறோம். தேநீர் வைப்பதனால் அப்பெயர் வந்தது என்றே பலரும் கருதுகின்றனர். சொல்லின் பிறப்போ வேறு. மூன்று என்பதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லும், கால் என்பதைக் குறிக்கும் பாரசீகச் சொல்லும் கூடிப் பிறந்து, ஆங்கிலேயர் நாவில் புரண்டு டீப்பாய் ஆயிற்று. தேநீருக்கும் அதற்கும் ஒலியளவில் நேர்ந்த ஒற்றுமையே அன்றி வேறு உறவு இல்லை. மூன்று கால் உடையது என்பதே பொருள். நம்மிடம் முக்காலி என்னும் நேரான சொல் இருக்கவும் இரவல் சொல்லை ஏன் ஏற்றோம் என்று தமிழ்த்துறை மாணவர் கேட்கக்கூடும். நான்கு கால் உடைய மேசையை முக்காலி என்று எப்படி அழைப்பது என்று கணக்குத்துறை மாணவர் திருப்பிக் கேட்பார். டீப்பாய்க்கும் அதே குற்றம் உண்டு என்பதை அவருக்குச் சொல்லி அமைதி பெறலாம்.

மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியர் வழி வந்த சொற்கள். சாவியும் ஜன்னலும் அவ்வாறே. ஆனால் அந்த மேசை எந்த மரத்தால் செய்யப்பட்டதோ அம்மரத்தின் பெயர் எதிர்த்திசையில் பயணம் செய்தது. மலையாளமும் தமிழும் பகிர்ந்துகொள்ளும் தேக்கு என்னும் சொல்லைப் போர்த்துக்கீசியர் எடுத்துச் சென்றனர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். பண்டத்தின் பெயர் நமக்கு வந்தது. மரத்தின் பெயர் நம்மிடமிருந்து சென்றது. இக்கட்டுரை அவ்விரண்டையும் பற்றியதே. இன்று ஒரு வீட்டில் புதிதாக வாங்கப்படும் முதல் அறைகலன் பெரும்பாலும் டீப்பாய்தான். அதே வீட்டின் மாடிப்படிக்குக் கீழோ கொல்லைப்புறத்துச் சாய்ப்பிலோ கால் ஒடிந்த தேக்கு மேசை ஒன்று பழைய இரும்புக்காரரின் வருகைக்குக் காத்துக் கிடக்கிறது. முன்னது வேண்டுமெனில் பின்னதிலிருந்தே செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சிக்கனம் கருதி மட்டும் இதனைக் கூறவில்லை.

புதிதாக வாங்கப்படும் பண்டம் எதனால் ஆனது என்பதை முதலில் நோக்குவோம். மேலே தேக்கின் வரிகள் அழகுறத் தெரியும். அவை பெரும்பாலும் தாளில் அச்சிடப்பட்டவை. உள்ளே இருப்பது மரத்தூளையும் சிறு சீவல்களையும் பசையிட்டு வெப்பத்தில் அழுத்திய பலகை. அதற்கும் ஒரு பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வாடகை வீட்டில் வாழும் இளம் குடும்பத்தார் குறைந்த விலையில் ஒரு பொருளைப் பெறுகின்றனர். ஆயினும் அப்பலகை ஈரம் பட்டால் வீங்கும். வீங்கியது மீண்டும் தன் அளவுக்குத் திரும்பாது. ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை அதே துளையில் இறுகாது. இரண்டு முறை வீடு மாற்றினால் பொருளின் ஆயுள் முடிந்தது. அதனை ஒட்டும் பசைகளுள் மிகுதியாகப் பயன்படுவது ஃபார்மால்டிஹைடு சேர்ந்தது. அவ்வேதிப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. பலகையிலிருந்து கசியும் அளவு தரத்திற்குத் தரம் வேறுபடும். தரம் குறிக்கப்படாத மலிவுப் பலகையைக் காற்றோட்டமற்ற அறையில் நிறைப்பது அறிவுடைமை ஆகாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். நீரில் ஊறிய தேக்குக் கட்டிலைக் கழுவி நிழலில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்த இயலும். ஊறிய தூள்பலகை அலமாரியைக் குப்பை வண்டியில் ஏற்றுவதன்றி வேறு வழி இல்லை.

இனி, கொல்லையில் கிடக்கும் மேசையின் மரம் எங்கிருந்து வந்தது? தமிழகத்துப் பழைய வீடுகளில் உள்ள தேக்கிற்கு மேற்குமலைக் காடுகள் ஓர் ஊற்று. பர்மா மற்றோர் ஊற்று. பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும் இயல்பினது. எனவே பர்மாக் காடுகளில் மரத்தின் அடிப்பகுதியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி, நின்ற நிலையிலேயே மூன்றாண்டளவு உலரவிடுவர். அதன் பிறகே வெட்டுவர். யானைகள் இழுத்து ஓடையில் சேர்க்கும். மழைக்கால வெள்ளம் பேராற்றுக்குக் கொண்டு செல்லும். தெப்பமாகக் கட்டிய மரங்கள் இரங்கூனை அடையும். ஆக, ஒரு மரம் காட்டிலிருந்து துறைமுகத்துக்கு வந்து சேரவே ஆண்டுகள் பல கழியும். அத்துறைமுகத்திலிருந்து கப்பலேறியதே செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களாகவும் கதவுகளாகவும் நிற்கிறது.

இரங்கூனில் கடை வைத்துப் பொருளீட்டியோருள் தமிழ் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர் நன்கறிவர். 1942 இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது மலைவழியே நடந்து திரும்பியோர் உண்டு. 1964 இல் கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமை ஆக்கப்பட்டபின் கப்பலேறித் திரும்பியோரும் உண்டு. திரும்பியவர்கள் கொண்டுவர முடிந்தது மிகச் சொற்பம். அதற்கு முன்பே மரமாக வந்து சேர்ந்திருந்தவை மட்டும் வீடுகளில் நிலைத்தன. இன்று அவ்வீடுகள் இடிபடும்போது கதவும் நிலையும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் போன்ற இடங்களுக்குச் செல்கின்றன. அவற்றின் மதிப்பு அறிந்த வெளியூரார் விலைகொடுத்து வாங்கிச் செல்கின்றனர். மதிப்பு அறியாத வீட்டுக்காரர் விறகு விலைக்கு விற்கிறார்.

அந்த மரம் மீண்டும் வாராது. தாய்லாந்து 1989 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் நாளன்று வெட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியது. நம் நாட்டில், நீலகிரி மாவட்டக் கூடலூர்ப் பகுதிக் காடுகள் தொடர்பாக எழுந்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஒப்புதல் பெற்ற திட்டமின்றிக் காட்டு மரங்களை வெட்டலாகாது என்று கட்டுப்படுத்தியது. இவை எல்லாம் வரவேற்கத்தக்கவையே. 1840களில் நிலம்பூரில் தொடங்கிய தோட்டத் தேக்கு வளர்ப்பு இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. ஆயினும் இருபது முப்பது ஆண்டுகளில் வெட்டப்படும் தோட்ட மரத்தில் வெளிறிய வெளிமரம் மிகுதி. கறையானை எதிர்க்கும் வைரப்பகுதி குறைவு. நம் பாட்டனார் காலத்து மேசையோ வைரத்தால் ஆனது. அதனை விறகாக்கிவிட்டு அதற்கு நிகரானதைக் கடையில் தேடினால், கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாது.

சரி, எப்படிச் செய்வது? எனக்கு அணுக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இல்லத்தில் நடந்ததைக் கூறுகிறேன். அவர் தந்தையார் கணக்கெழுதிய மேசை அது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், 30 அங்குல உயரம். முன்புறம் இரண்டு இழுப்பறைகள். ஐம்பது ஆண்டுகள் நாள்தோறும் தரையை ஈரத்துணியால் துடைத்ததில் நான்கு கால்களின் அடியும் நைந்து, ஒரு காலில் கறையானும் ஏறிவிட்டது. மேசை ஆடியது. பழைய பொருள் வாங்குபவர் எடைக்கு விலை சொன்னார். ஆசிரியர் விற்பதற்கு முன் ஊர்த் தச்சரை அழைத்துக் காட்டினார். அவர் மேசையைக் கவிழ்த்துப் போட்டு, விரலால் தட்டிக்கொண்டே வந்து, "உடம்பு நல்லாத்தான் இருக்கு பாய், பாதம்தான் போச்சு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழுத் திட்டமும் அடங்கியிருந்தது. எழுதும் மேசைக்கு 30 அங்குல உயரம் தேவை. கூடத்து மேசைக்கு 16 முதல் 18 அங்குலம் போதும். எதிரே உள்ள இருக்கையின் உயரத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் தாழ்வாகவோ இருத்தல் வேண்டும். குறைக்க வேண்டிய 13 அங்குலத்துக்குள்ளேயே நோயுற்ற பகுதி முழுவதும் அடங்கிவிட்டது.

காலைக் குறைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. தரையிலிருந்து அளந்து அறுக்கலாகாது. தேய்ந்த கால்கள் நான்கும் நான்கு அளவில் இருக்கும். ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்றை அறுத்து, அதைச் சரிசெய்ய முதலாவதை மீண்டும் அறுத்து, கடைசியில் மேசை மணையாகிவிடும். தச்சர் மேசையைச் சமதளத்தில் கவிழ்த்து, மேற்பலகையிலிருந்து நான்கு கால்களுக்கும் ஒரே அளவைக் குறித்து, மூலைமட்டம் வைத்து நான்கு பக்கமும் கோடிட்டு அறுத்தார். அறுக்குமுன் ஒரு காந்தத்தை மரத்தின்மேல் ஓட்டிப் பார்த்தார். பழைய மரத்தில் எங்கோ ஒரு காலத்தில் யாரோ அடித்த ஆணி புதைந்திருக்கும். அது வாளின் பல்லைக் கெடுக்கும்.

மொத்த உயரம் இப்போது 17 அங்குலம். மேற்பலகை ஓர் அங்குலம், இழுப்பறைச் சட்டம் ஆறு அங்குலம், எஞ்சியது பத்து. தரையிலிருந்து மூன்று அங்குலம் விட்டு, கால்களை இணைத்து நான்கு சட்டங்கள் பொருத்தி, உடைந்த கட்டில் ஒன்றின் பலகைகளை அவற்றின்மேல் பரப்பினார். துடைப்பம் உள்ளே சென்றுவர அந்த மூன்று அங்குலம் வேண்டும். ஈரம் மீண்டும் பலகையில் ஏறாமலிருக்கவும் அதுவே காப்பு. பலகைக்கும் இழுப்பறைக்கும் இடையே ஆறு அங்குலம் கிடைத்தது. நாளிதழ்களும் பருவ இதழ்களும் கனத்த அகராதி ஒன்றும் அங்கே குடியேறின. மூக்குக்கண்ணாடி, மருந்துச் சீட்டு, மின்கட்டண அட்டை, பேரக்குழந்தைகளின் கேரம் காய்கள் ஆகியன இழுப்பறைக்குள் சென்றன. இழுப்பறைகள் இறுக்கமாக ஓடின. அவற்றின் அடிச்சட்டத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு வந்தன.

பழைய மேற்பூச்சை நீக்குவதில் கவனம் தேவை. பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணப்பூச்சில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2016 இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வண்ணம் பூசிய பழம்பொருளை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பலாகாது. நீர் தெளித்து ஈரமாகத் தேய்த்தல், முகத்தை மூடுதல், சிறுவரையும் கருவுற்ற மகளிரையும் அப்பால் இருக்கச் செய்தல் ஆகியன கட்டாயம். ஆசிரியர் வீட்டு மேசை வண்ணம் காணாதது என்பதால் அவருடைய பேரன்மார் இருவர் உப்புத்தாள் கொண்டு இரண்டு மாலைகள் தேய்த்தனர். மரத்தின் வரி ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் நிலைத்துவிடும். முதல் நாள் மாலையிலேயே கை வலிக்கிறது என்றனர். இரண்டாம் நாள், கறுத்த பரப்பின் அடியிலிருந்து தேன்நிறம் வெளிப்படக் கண்டபின் அவர்களை உணவுக்கு அழைப்பதே பெரும்பாடாயிற்று என்று ஆசிரியர் சொன்னார்.

அரக்கு மெருகு அழகானது; ஆனால் சூடான கோப்பையும் ஈரமும் பட்டால் வெள்ளை வளையம் விழும். தேநீர் வைக்கும் மேசைக்கு அது பொருந்தாது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் பூசி, மிகுந்ததைத் துடைத்து, உலர்ந்தபின் மீண்டும் பூசுதல் எளிய வழி. இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூறவேண்டும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தானே வெப்பமேறித் தீப்பற்றும் இயல்புடையது. வெட்டவெளியில் விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீரில் அமிழ்த்திவிட வேண்டும்.

இதனைப் படித்துவிட்டுப் பழைய பொருள் எதைக் கண்டாலும் வாளெடுத்துப் புறப்படுவோர்க்கு நான் துணைநிற்க மாட்டேன். முழுமையாக நிற்கும் எழுதுமேசையை அறுத்து டீப்பாய் ஆக்குவது அழிவு வேலையே. ஊரின் பழந்தச்சர் செதுக்கிய பெட்டகம், கடைசல் கால்களோடு கூடிய கட்டில், ஆணியும் பசையுமின்றி ஒரே பலகையைப் பிளந்து கோத்த ரெஹால் போன்றவற்றில் மரத்தின் மதிப்பைவிடக் கையின் மதிப்பு பெரிது. அவற்றைத் தூசி தட்டி, எண்ணெயிட்டு, உள்ளவாறே வைத்திருத்தல் வேண்டும். பெட்டகம் தாழ்வாகவும் மேல்மூடி தட்டையாகவும் இருந்தால் அறுக்காமலே கூடத்தின் நடுவில் வைத்துவிடலாம். மேசையும் ஆயிற்று, பாய் தலையணை வைக்கும் பெட்டியும் ஆயிற்று. அறுப்பதற்குரியது ஏற்கெனவே ஊனமுற்றது மட்டுமே. ஊனம் எங்கே என்று பார்த்து அதை ஒட்டியே புது வடிவம் அமைய வேண்டும். சிறு துளைகளிலிருந்து புதுத்தூள் உதிர்ந்தால் வண்டு உள்ளே உயிரோடிருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்திடாமல் வீட்டுக்குள் கொண்டுவருதல் மற்ற மரங்களுக்கும் கேடு.

செலவு ஒன்றும் குறையவில்லையே என்பர் சிலர். உண்மைதான். தச்சரின் நாட்கூலி பல ஊர்களில் ஆயிரம் ரூபாயைக் கடந்துவிட்டது. மூன்று நாள் வேலைக்கு ஆகும் தொகையில் ஒரு தூள்பலகை டீப்பாய் வாங்கிவிடலாம். ஆனால் அந்தத் தொகை யாரிடம் செல்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கழுந்து செதுக்கித் துளையில் இறுக்கத் தெரிந்த தச்சர்கள் ஊருக்கு ஒருவர் இருவராகக் குறைந்துவிட்டனர். பலகையை அளவாக வெட்டித் திருகாணி முடுக்கும் வேலையே இன்று பெருகியிருக்கிறது. நாம் பழையதைத் திருத்தக் கொடுக்காவிட்டால் அவருடைய மகன் அந்தத் தொழிலைக் கற்கக் காரணமே இல்லை. கூலியைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, கைவினை அழிகிறதே என்று கருத்தரங்கில் கட்டுரை படிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மற்றொன்று, படித்தவர் கையைப் பற்றியது. இளங்கலை முடித்த மாணவர் பலருக்குத் திருகாணியை எப்பக்கம் திருகினால் இறுகும் என்பது ஐயமாக இருக்கிறது. அவர்கள்மீது பழி இல்லை. கையால் செய்வது படிக்காதவர் வேலை என்று நாமே சொல்லாமல் சொல்லி வளர்த்தோம். இழைப்புளி, கொட்டாப்புளி, துரப்பணம், வாய்ச்சி என்னும் சொற்கள் அகராதியில் மட்டும் உயிர்வாழ்கின்றன. அவற்றைப் பாடத்தில் நடத்தும் தமிழாசிரியர்க்கே சிலவற்றைக் கண்ணால் கண்ட பழக்கம் இராது. சொல்லைக் காப்பாற்றுவதென்றால் அச்சொல்லுக்குரிய கருவி யாருடைய கையிலாவது இருக்க வேண்டும்.

ஆகவே கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கல்லூரியிலும் பூட்டிய அறை ஒன்று உண்டு. கால் ஒடிந்த பெஞ்சுகளும் பக்கப்பலகை கழன்ற மேசைகளும் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கும். இருப்புப் பதிவேட்டில் பயனற்றவை என்று குறிக்கப்பட்டு, ஏலத்தில் மொத்தமாக விலைபோகும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பெஞ்சாயின் அதன் பலகை பெரும்பாலும் முழு மரம். மூன்று ஒடிந்த பெஞ்சுகளிலிருந்து விடுதி வாசிப்பறைக்கு அடுக்குப் பலகையுடன் கூடிய ஒரு தாழ்மேசை கிடைக்கும். துறை நூலகத்தில் வருவோர் அமரும் இடத்துக்கு மற்றொன்று. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் பத்துப்பேர், சம்பளம் கொடுத்து அமர்த்திய தச்சர் ஒருவர், நான்கு சனிக்கிழமைகள் இருந்தால் போதும். அறுக்கும் வேலை தச்சருடையது. தேய்த்தலும் எண்ணெயிடலும் மாணவருடையது. பதிவேட்டுச் சிக்கல் உண்டு என்று அலுவலகத்தார் கூறுவர். கழித்த பொருளை ஏலத்துக்கு விடுவதற்கு ஒப்புதல் பெறும் அதே குழுவிடம், திருத்திப் பயன்படுத்தவும் ஒப்புதல் கேட்கலாம்.

அந்த அறைகள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போதுதான் திறக்கப்படுகின்றன. வரும் மே மாதத்தில் திறக்கும்போது, ஏலதாரருக்குச் சொல்லியனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பாக ஊர்த் தச்சருக்குச் சொல்லியனுப்பி, அரைநாள் கூலி கொடுத்து, ஒவ்வொரு பெஞ்சையும் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கச் சொல்லலாம்.